கொக்கு அளந்த இரண்டு வாசல்கள்

ஆற்றின் இரு கரையிலும் இரண்டு காடுகள் இருந்தன. இரண்டிலும் விதைக் களஞ்சியம் உண்டு. விதையைக் கடனாக வாங்கலாம். அறுவடையில் கொஞ்சம் கூட்டித் திருப்ப வேண்டும்.

எந்தக் கரை சிறந்தது என்று ஒப்பிட்டுச் சொல்வது ஒரு கொக்கின் வேலை. யாரும் கொடுத்த வேலையல்ல. அளக்காமல் அது பேசாது. அளந்துவிட்டால் பேச்சை நிறுத்தாது.

ஒரு வெள்ளத்தில் ஆற்றின் நடுத்திட்டில் வாழ்ந்த முயலின் விதைப்பயறு முழுவதும் போயிற்று. குட்டிகள் மட்டும் மிஞ்சின. மண்ணின் ஈரம் காய்வதற்குள் விதைக்காவிட்டால் பனிக்காலத்தில் அவையும் மிஞ்சா.

"கொக்கண்ணா, எந்தக் கரைக்குப் போகட்டும்?"

"கிழக்குக்குத்தான். அங்கே வாசல் யானை நுழையும் அகலம். என் தாத்தா காலத்திலும் அப்படித்தான். மேற்கில் அன்று வாசலே கிடையாது. இன்று இருப்பதும் வெறும் பொந்து."

முயல் விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்து கிழக்குக் கரைக்குப் போயிற்று. வாசலில் யாரும் தடுக்கவில்லை. உள்ளே விதையெல்லாம் உயரமான பரணில் இருந்தது.

"எடுத்துக்கொள்" என்றது காவல் கலைமான்.

"எட்டவில்லையே ஐயா."

"ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் பரணை ஒரு முழம் உயர்த்துவது எங்கள் வழக்கம்."

"பிறகு இறக்குவதில்லையா?"

"யாரும் கேட்டதில்லையே. இங்கே வருகிற எல்லோருக்கும் எட்டுகிறது."

"எட்டாதவர்கள்?"

"அவர்கள் வருவதில்லை."

"நீங்களே கொஞ்சம் தள்ளிவிடுங்களேன்."

"சலுகையா? இங்கே எல்லோருக்கும் ஒரே விதி."

முயல் வெறுங்கையோடு திரும்பியது. வழியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தது. ஈரம் குறைந்திருந்தது. வேறு வழியில்லாமல் ஆற்றுக் கற்களில் தாவி மேற்குக் கரைக்கு ஓடியது. காதுகளை மடக்கிக்கொண்டு பொந்தில் நுழைந்தது. உள்ளே மேட்டுத் தரையில் பயறு குவிந்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆமை.

"வாசலை ஏன் இவ்வளவு சிறிதாக வைத்தீர்கள்?"

"முன்பு எங்கள் உறவுக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுத்தோம், அதனால் வெளியார் நுழைய வாசலே தேவைப்படவில்லை. ஒரு வெள்ளத்தில் அவர்கள் வயலெல்லாம் ஒன்றாக முழுகியது. திருப்பித் தர ஒருவராலும் முடியவில்லை. அப்போதுதான் புத்தி வந்தது. இப்போது பல இடத்துச் சிறியவர்களுக்கும் கொடுக்கிறோம். எருமை நுழைந்தால் ஒரே வாயில் தீர்த்துவிடும், அதனால்தான் இந்த அளவு. உனக்கு எவ்வளவு வேண்டும்?"

ஈரம் காய்வதற்குள் பயறு மண்ணுக்குள் போயிற்று. சில நாளில் முளைத்தது.

செய்தி கேட்ட கொக்கு மேற்குக் கரைக்குப் போய்ப் பொந்தை மறுபடி அளந்துவிட்டு வந்தது. "திருத்திக்கொள்கிறேன். வாசல் குறுகக் குறுக நல்லது."

"அண்ணா, நாளைக்கே மண் சரிந்து அந்தப் பொந்து அடைத்துக்கொண்டால், அது இன்னும் நல்லதா?"

கொக்கு மறுபடி அளந்து வரச் சிறகை விரித்தது.

"நீங்கள் எந்த வாசல் வழியாகவும் நுழைந்ததில்லை, பறந்து போகிறவர். இனி அளக்கப் போனால், போய்விட்டுத் திரும்புகிறவர்களின் கையில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்."

ஒரு களஞ்சியம் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா என்பதை, அதன் வாசலின் அகலத்தைக் கொண்டல்ல, அங்கே இன்று மிகச் சிறியவருக்கு எட்டுவது எவ்வளவு என்பதைக் கொண்டே அறிய வேண்டும்.