இடது காதும் எட்டுக் குழாயும்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது சேர்மக்கனி மதினி. என் சின்ன மகளுக்கு அம்மை போட்டிருந்த வருஷம், வேப்பிலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள். அம்மை போட்ட வீடு என்று அவள் மெதுவாகத்தான் சொன்னாள். நாங்கள்தான் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டோம்.

புங்கடிவிளை என்று ஓர் ஊர். சூதுவாது தெரியாத சனங்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிடுவார்கள். ரேஷன் கடைக்காரர் ஒருதடவை, எப்போது வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கடை லீவு. ஊரே வரிசையில் நின்று, ஒவ்வொருவராகப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது.

அந்த ஊரில் பிரமாச்சி இட்லிக்கடை வைத்திருந்தாள். புருஷன் தவறிப்போய் ஒன்பது வருஷம். ஒரே மகன் நயினார், கத்தார் நாட்டுத் தோகாவில் கம்பி கட்டுகிற வேலை. செவ்வாய்க்கிழமை மதியம் அவனுக்கு அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கும், அப்போது அம்மாவைக் கூப்பிடுவான். அவளுக்கு வாரம் என்றால் அந்த அரைமணிதான். மற்றதெல்லாம் மாவாட்டுகிற நேரம்.

முத்தாரம்மன் கோயில் திருவிழாவுக்கு, எங்கள் பக்கத்தில் அதைக் கொடை என்போம், மூன்று நாளும் மேளக்காரர்களுக்கு இட்லி அவித்துப் போடுவதாக அவளுக்கு ஒரு நேர்த்திக்கடன். போன வருஷம் அதைச் சிறப்பாகச் செய்தாள். கொடைக்கு அதிகம் செய்தவர்களுக்கு மற்ற ஊர்களில் மாலை போடுவார்கள், பட்டுக் கட்டுவார்கள். புங்கடிவிளையில் வழக்கம் வேறே. சவுண்டு செட்டில் எட்டுக் குழாய் ஸ்பீக்கர் வரும். அதில் பெரிய குழாயை அவர்கள் வாசலைப் பார்த்துக் கட்டுவார்கள். அதுதான் முதல் மரியாதை.

பிரமாச்சிக்கு அந்த மரியாதை கிடைத்தது. எதிர் வேம்பில் அண்டா வாய் அகலத்துக்கு ஒரு குழாய். முதல் நாளே அவள் வீட்டுப் பூனை பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டது. கொடை முடிந்த நாலாம் நாள் பிரமாச்சியின் வலது காதில் ஒரு சீட்டிச் சத்தம் நுழைந்தது. அது பிறகு வெளியே வரவில்லை, வேறெந்தச் சத்தத்தையும் உள்ளே விடவும் இல்லை. மகன் பேசினால் போனை இடது காதில் வைத்துக்கொள்வாள்.

இந்த வருஷம் கொடைக்கு முந்தின சனிக்கிழமை, நர்சம்மா ஜெபக்கனி ஊருக்கு வந்தபோது காதைக் காட்டினாள். நர்சம்மா லைட் அடித்துப் பார்த்து, காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்து, உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, வலது காது போனது போச்சு. இந்தக் கொடைக்கும் அந்தக் குழாய்க்கு முன்னால உக்காந்தா இடதும் போயிரும். அப்புறம் உங்க மகன் பேசினா வாயசைப்பைக்கூடப் பாக்க முடியாது, போன்தானே."

 பிரமாச்சி நேரே கொடைக் கமிட்டியிடம் போனாள்.

கமிட்டி என்றால் மூன்று பேர். தலைவர் பலவேசம், பெரிய மீசைக்காரர். சங்கிலிபூதத்தான், யார் பேசினாலும் தலையாட்டுகிறவர். மூன்றாவது, சவுண்டு செட்டு வைத்திருக்கிற நம்பிராசன். மூவரும் அவள் சொன்னதைக் கேட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். பலவேசம் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆனால் சத்தத்தைக் குறைக்க மட்டும் வழியில்லை. போன வருஷத்துக்கு எதிலேயும் குறையக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லியாகிவிட்டது. சொன்னது சொன்னதுதான்.

நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு பலவேசம் கேட்டார்.

"மதினி, போன காது எது?"

"வலது, அண்ணாச்சி."

"இருக்கிறது?"

"இடது."

"அப்போ போன காதையே கேக்கச் சொல்லுவோம். அதுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

சங்கிலிபூதத்தான் தலையாட்டினார். இப்படி ஒரு புத்தி நமக்கு வரவில்லையே என்று பிரமாச்சிக்கே ஆச்சரியமாக இருந்தது. குழாயை வேம்பிலிருந்து அவிழ்த்துத் தெற்கே மின்கம்பத்தில் கட்டினார்கள். அவள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் சத்தம் முழுவதும் வலது காதோடு நின்றுவிடும். மூன்று நாளும் கிழக்கே பார்த்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கொடை தொடங்கியது. பிரமாச்சி கிழக்கே பார்த்தாள். இட்லிக் கொப்பரை மேற்கே இருந்ததால் பின்பக்கமாகவே நடந்துபோய் மூடியைத் திறந்தாள். கோயில் வடக்கே இருந்ததால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய் அம்மனைக் கும்பிட்டு, அப்படியே பக்கவாட்டில் திரும்பி வந்தாள். அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தோளைத்தான் பார்த்தாள். சாம்பாரை முதுகுக்குப் பின்னால் கையை வளைத்து ஊற்றினாள். பாதி இலையில் விழுந்தது, பாதி சங்கிலிபூதத்தான் மடியில் விழுந்தது. அவர் தலையாட்டவில்லை, எழுந்து ஓடினார்.

மத்தியானம் நர்சம்மா வந்து இந்தக் கோலத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். கமிட்டியைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினார். இது ஒரு காதோடு போகிற காரியமில்லை, ஊரில் எல்லார் காதும் போகும், சத்தம் குறைகிறவரைக்குமாவது எல்லாரும் காதில் பஞ்சு வையுங்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்குத் தடுப்பூசி போடப் போனார்.

இது ஓர் உத்தரவு. உத்தரவு என்றால் புங்கடிவிளைக்குச் சர்க்கரைப் பொங்கல். வீட்டுக்கு வீடு தலையணையைக் கிழித்தார்கள். பச்சைப்பிள்ளை முதல் கோயில் பூசாரி வரை காதில் இலவம்பஞ்சு. உழவு மாட்டுக்கும் வைத்தார்கள். பிரமாச்சி இடது காதில் இரண்டு உருண்டை வைத்தாள். உலகமே பாயைச் சுருட்டி வைத்தது மாதிரி அமைதியாகிவிட்டது. அவள் கண்ணை மூடி அம்மனுக்கு நன்றி சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் பலவேசம் தெருவுக்கு வந்தார். பாட்டுக் கேட்கவில்லை. எட்டுக் குழாயையும் அண்ணாந்து பார்த்தார். நம்பிராசனிடம் போய்ச் சைகை காட்டினார். நம்பிராசனுக்கும் பாட்டுக் கேட்கவில்லைதான். மெஷின் கெட்டுப்போச்சோ என்று அவரும் பயந்து போயிருந்தார். குமிழைத் திருகினார். கேட்கவில்லை. இன்னும் திருகினார். பஞ்சைத் தாண்டி ஊரார் காதில் பாட்டு தெளிவாக விழுகிறவரைக்கும் திருகினார். அதற்குள் மூன்று வீட்டு ஓடு கீழே இறங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை நர்சம்மா ஒரு கருவியோடு வந்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், தலையில் கறுப்பு உருண்டை, நடுவில் எண் தெரியும். சத்தத்தை அளக்கிற கருவி. "இதுல நம்பர் அம்பத்தஞ்சைத் தாண்டக்கூடாது. நாளைக்கு மத்தியானம் போலீஸோட வருவேன். தாண்டியிருந்தா சவுண்டு செட்டைத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்று பலவேசத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று பேரும் கருவியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நூற்றிநாலு காட்டியது.

"நூத்திநாலு காய்ச்சல்லா" என்றார் நம்பிராசன். நர்சம்மா கொடுக்கிற சாமானில் அவர் அதற்கு முன்னால் எண் பார்த்தது காய்ச்சல் பார்க்கிற கருவியில்தான்.

ஈரத்துணி நனைத்துக் கருவியின் தலையில் போட்டார்கள். தொண்ணூற்றாறுக்கு இறங்கியது. எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. கம்பளியில் சுற்றினார்கள், எண்பது. கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய உப்புக் கிட்டங்கி உண்டு, ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கிய கட்டடம். ஜன்னல் கிடையாது, சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், ஒரே ஓர் இரும்புக் கதவு. அதற்குள் கருவியோடு போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள். கம்பளியைப் பிரித்துப் பார்த்தால் ஐம்பத்திரண்டு.

பலவேசம் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். போன வருஷத்துக்கு எதுவும் குறையவில்லை, எண்ணும் தாண்டவில்லை.

செய்தி பிரமாச்சி காதுக்கு எட்டியது. பஞ்சோடு சேர்த்து எட்டியதால் சற்று மெதுவாக எட்டியது. கிட்டங்கிக்கு ஓடிவந்து, "அண்ணாச்சி, சத்தத்தைக் கொறைக்கிற மெஷினாம்லா. அதை என் இடது காதுகிட்ட ஒருநாள் கட்டிக்கிடட்டுமா?" என்று கெஞ்சினாள். நியாயமான ஆசைதான் என்று பலவேசம் ரிப்பனால் அவள் காதோரம் கட்டினார். கிட்டங்கியை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றாள். எண் குபீரென்று நூற்றியொன்று.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உள்ள ஒழுங்கா அம்பத்திரண்டுல கெடந்துச்சி" என்றார் பலவேசம். "உம்ம காதுகிட்ட வந்ததும் நூத்தியொண்ணு. மதினி, தப்பா நெனைக்காதீரும். சத்தம் எங்கேருந்து வருது?"

பிரமாச்சி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"வலது காதுக்குள்ள ஒரு வருஷமா சீட்டியடிக்கிறது வாஸ்தவம்தான், அண்ணாச்சி."

"அப்படிச் சொல்லும். அநியாயமா இத்தனை நாளா குழாயைக் குத்தம் சொல்லிட்டு இருந்தோமே."

யாரும் அவளைக் கோபிக்கவில்லை. வேண்டுமென்றா செய்தாள் என்று ஆறுதல்தான் சொன்னார்கள். ஆனால் போலீஸ் வருகிற நேரத்தில் அவள் காது தெருவில் கிடந்தால் சவுண்டு செட்டு போய்விடும். ஆகவே கொடை முடிகிறவரைக்கும் பிரமாச்சி காதோடு கிட்டங்கிக்குள் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. இட்லிக் கொப்பரையையும் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். கம்பளியும் கொடுத்தார்கள்.

கதவு சாத்தியதும் பிரமாச்சி பஞ்சை எடுத்தாள். அமைதி. ஆவி வருகிற சத்தம் கேட்டது. தன் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது. இடது காது பிழைத்தது என்று மடியிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். அதில் டவர் என்று ஒரு கோடுகூட இல்லை. சுவரோரம் பிடித்தாள், தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள், கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் ஏறி நின்று பிடித்தாள். ஒன்றும் இல்லை. நாளைக்குச் செவ்வாய். உள்ளே இருந்தால் கேட்கிற காது உண்டு, மகன் குரல் வராது. வெளியே போனால் குரல் வரும், கேட்கிற காது இருக்காது. அம்மா தாயே, நீயே ஒரு வழி காட்டு என்று உப்புத் தரையில் நெற்றியை வைத்தாள்.

அம்மன் காட்டிய வழி இட்லி. மேளக்காரர்கள் இட்லி வாங்க உள்ளே வந்தார்கள். பஞ்சை எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். பிறகு எழுந்து போகவில்லை. அவர்களைத் தேடி வந்தவர்களும் போகவில்லை. பிள்ளைக்காரிகள் வந்தார்கள், பிள்ளைகள் ஒரு வாரத்துத் தூக்கத்தைத் தூங்கின. செவ்வாய்க்கிழமை காலையில் ஊர் முழுவதும் கிட்டங்கிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. பூசாரி அம்மனிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வந்தார். தெருவில் எட்டுக் குழாயும் ஒருவருக்கும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தன.

பத்து மணிவரைக்கும் எல்லாருக்கும் சுகமாக இருந்தது. அதற்குப் பிறகு சங்கிலிபூதத்தான் முதல்முறையாக வாய் திறந்தார்.

"கொடையன்னைக்கு இப்படி உக்காந்திருக்கிறது, எழவு வீடு மாதிரில்லா இருக்கு."

எல்லாருக்கும் மனசில் உறுத்திக்கொண்டிருந்ததுதான். போன வருஷம் கொடையன்று பாட்டு இருந்தது. இப்போது இல்லை. அப்படியென்றால் குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? பலவேசம் நம்பிராசனைப் பார்த்தார். நம்பிராசன் எழுந்தார். ஆளுக்கொரு கை கொடுத்து எட்டுக் குழாயையும் அவிழ்த்துக் கிட்டங்கிக்குள் கொண்டுவந்து, சுவருக்கு இரண்டாக உள்பக்கம் பார்த்துக் கட்டினார்கள்.

அவர்கள் கடைசிக் குழாயைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே, பிரமாச்சி வலது கையில் போனைப் பிடித்து, இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, நண்டு மாதிரியும் இல்லாமல் பின்பக்கமாகவும் இல்லாமல், நேராக வாசலுக்கு நடந்தாள். இரும்புக் கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

தெருவில் ஒரு குருவி கத்தியது. அவள் அதை மூன்று நாளாகக் கேட்டதில்லை. கிட்டங்கிப் படியில் உட்கார்ந்தாள். மதியம் போன் அடித்தது.

"யம்மா, இன்னைக்குக் கொடைதானே? ஒரு சத்தத்தையும் காணோம். நிறுத்திட்டாங்களா?"

"இல்லய்யா. உள்ள நடக்குது. நீ பேசு, எனக்கு நல்லாக் கேக்கு."

அவன் பேசினான். சாப்பிட்டதைச் சொன்னான், வெயிலைச் சொன்னான், தை மாசம் வரப்போகிறதைச் சொன்னான். அவள் ஒரு வார்த்தையைக்கூட இன்னொருதடவை சொல்லச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு மட்டும் மூடி போட்ட பானை மாதிரித் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போது கதவு ஒரு சாண் திறந்தது. பலவேசம் தலையை நீட்டினார். மீசை நட்டுக்குத்தலாக நின்றது, கண்ணில் தண்ணீர். அவர் கையிலிருந்த கருவி நூற்றியிருபத்திமூன்று காட்டியது.

"மதினி" என்று கத்தினார். "உள்ள இதுக்குத் தாங்கல. போலீஸ் வர்ற நேரமாச்சு. கொஞ்சம் மடியில வச்சுக்கிடும்."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எண் சரசரவென்று இறங்கி, நாற்பத்தொன்றில் வந்து நின்றது. பலவேசத்தின் முகம் மலர்ந்தது. கதவைத் திறந்து உள்ளே திரும்பி, பெருமையோடு உத்தரவு கொடுத்தார்.

"வே நம்பிராசா, கொறைஞ்சிட்டு. இன்னும் கொஞ்சம் கூட்டி வையும்."

கதை அவ்வளவுதான். இங்கேயும் பக்கத்து அறையில் ஒரு பிள்ளை தூங்குகிறது. எழுந்து போகும்போது கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போங்கள்.