டூகலின் பீப்பாய்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு தீவு. அதில் சின்னதாக ஒரு விஸ்கி வடிசாலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேலை பழக வருகிறவர் முதல் மாதமே ஒரு பீப்பாய் விஸ்கியைத் தன் கையால் வடித்து நிரப்பிவிட வேண்டும். பன்னிரண்டு வருஷம் கழித்துத் திறப்பார்கள். நன்றாக இருந்தால் விஸ்கி காய்ச்சும் வடிகலம் அவர் பொறுப்பு. இல்லையென்றால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

டூகல் மீன்பிடிப் படகை விற்றுவிட்டு இங்கே வந்தபோது வயது நாற்பத்தாறு. அவருக்கு வாய்த்த குரு மோராக் என்ற பெண், அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் மூக்கு இருக்கிறதே, அம்மாடி, அப்படியொரு மூக்கு!

இன்று பீப்பாயைத் திறந்தார்கள். மோராக் கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். டூகல் முகர்ந்தார். நனைந்த செருப்பு நாற்றம். மறுபடி முகர்ந்தார். அதே நாற்றம்தான்.

“எங்கே கெட்டுது?”

“வடிச்ச அன்னைக்கே. முதல்ல வர்றதும் ஆகாது, கடைசில வர்றதும் ஆகாது. நடுவில் வர்றதுதான் விஸ்கி. நீங்க கடைசியையும் சேர்த்துட்டீங்க.”

டூகலுக்கு நினைவு வந்துவிட்டது. அன்றைக்குப் பீப்பாய் நிரம்ப நாலு விரற்கடை குறைந்தது. குறைப் பீப்பாயில் தன் பெயரை எழுத வெட்கப்பட்டு, இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும் என்று விட்டார். பாழாய்ப்போன பத்து நிமிஷம்!

“உங்களுக்கு எப்போ தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே.”

டூகல் கோப்பையைத் திருப்பி நீட்டினார். “அப்பவே சொல்லியிருந்தா படகைத் திரும்ப வாங்கிட்டுக் கடலுக்குப் போயிருப்பேனே. ஐம்பத்தெட்டு வயசுல இனி நான் எங்கே போறது? ஏன் சொல்லல?”

மோராக் கோப்பையை வாங்கினார். அங்கே யார் ருசி பார்த்தாலும் துப்பிவிடுவார்கள். அவர் துப்பவில்லை. அத்தனையையும் விழுங்கினார். கண் கலங்கிவிட்டது.

“சொல்லத்தான் வந்தேன். நீங்க பீப்பாயைத் தட்டித் தட்டிச் சிரிச்சிட்டிருந்தீங்க. மனசு வரல. பீப்பாய் மரம் எத்தனையோ குறையைச் சரி பண்ணும், இதையும் பண்ணிடும்னு நம்பினேன். அடுத்த வருஷம் சொல்லிக்கலாம், அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு பன்னிரண்டும் போயிடுச்சு.”

டூகல் பீப்பாயில் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தார்.

“நேரத்துல நிறுத்தத் தெரியாதது நீங்க மட்டும் இல்ல” என்றார் மோராக்.