மூன்று விரல் காது

"எனக்கும் பாடம் கேட்க வேண்டும், சாமி. வாசலிலேயே மறிக்கிறார்கள்."

வடிவாம்பாள் இரண்டு நாள் நடந்து வந்திருந்தாள். மடத்தின் குரு பொன்னம்பல அடிகள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மறித்தது யார்?"

"அடியேன்தான்" என்றார் உலகநாதப் பண்டிதர்.

மடத்து மாணவர்களில் அவரே மூத்தவர். குருவுக்கே பன்னிரண்டு வயது மூத்தவர். ஏழு ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் இளைஞர்களையும் இளம்பெண்களையும் நூல் பிடித்து அளந்து, அதை நூலாகவும் எழுதி, அதற்கு உரையும் எழுதி, அந்த உரைக்கு மறுப்பும் தாமே எழுதியவர்.

"பெண்கள் உயரத்தில் ஆறு விரல் குறைவு, சாமி. தோளில் இரண்டு விரல். அது போகட்டும். காதில் ஒரு நெல்மணி அளவு குறைவு! கேள்வி புகும் வாசலே சிறிது. சொல்வதில் பாதி வெளியே சிந்திவிடாதா?"

"சிந்தினால் கூட்டி அள்ளிக்கொள்கிறேன், ஐயா" என்றாள் வடிவாம்பாள்.

அடிகள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காதை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வீரோ?"

"மூன்று விரலுக்கு மேல் ஆண். கீழே பெண். இதில் என்ன சாமி இருக்கிறது?"

"தவறினால்?"

"இவள் உள்ளே வரட்டும். தவறாவிட்டால் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

வடிவாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு பழம்போர்வை தொங்கியது. அதில் பன்னிரண்டு துளைகள். பண்டிதர் திரும்பி நிற்க, அடிகள் பொறுக்கி நிறுத்திய பன்னிரண்டு பேரின் கடுக்கன்களும் தோடுகளும் கழன்றன. காது குத்தாத ஆள் அந்தச் சீமையிலேயே கிடையாது. ஆகவே அதிலும் துப்புக் கிடைக்காது.

"எத்தனை பெண்கள் என்று சொல்ல மாட்டேன்" என்றார் அடிகள். போர்வைக்குப் பின்னாலிருந்து பன்னிரண்டு காதுகள் எட்டிப் பார்த்தன.

பண்டிதர் அளந்துகொண்டே வந்தார். நூல் பட்டதும் வடிவாம்பாளுக்குக் கூசியது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண். நல்ல தடித்த மடல். சந்தேகமே இல்லை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் பண்டிதர் அறிவித்தார்: "ஏழு ஆண்கள். ஐந்து பெண்கள்."

அடிகள் போர்வையை இழுத்தார்.

ஐந்து பெண்களில் நான்கு பேருக்குத் தாடி. ஐந்தாவது, கம்பு சுற்றுகிற மாடசாமி. அவன் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டான்:

"என்னையுமா, ஐயா?"

மடமே சிரிப்பில் குலுங்கியது. பண்டிதர் நூலைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். மறுபடி நூலைப் பார்த்தார்.

"அளவு சரிதான், சாமி. ஆட்கள்தான் அளவு தப்பிப் பிறந்திருக்கிறார்கள்."

அடிகள் எழுந்து கையை உதறினார்.

"அப்படியா? அளவு தப்பியவர்கள் எல்லாரும் உள்ளே வாருங்கள். பாடம் தொடங்கலாம்."

வடிவாம்பாள் ஓடிப்போய் முதல் பாயில் உட்கார்ந்தாள். மாடசாமியும் மற்ற நால்வரும் பின்னாலேயே வந்தார்கள்.

சரியாக அளக்கப்பட்ட ஆறு பேர் வெளியே பண்டிதரைச் சூழ்ந்துகொண்டு மன்றாடுவது அவள் காதில் விழுந்தது.

"ஐயா, இன்னொரு தரம் அளந்து பாருங்கள், ஐயா! கொஞ்சம் குறையும்!"