வாளையார்க் காற்றில் நிரம்பிய டேங்க்

வடவள்ளி சென்னியப்பன் வீட்டுக்கு மட்டும் வண்டியைக் கொண்டுபோகாதே, வண்டி சரியாகிறதோ இல்லையோ காது பழுதாகிவிடும் என்று தெய்வசிகாமணியிடம் மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் அவருக்கு வேறு வழியில்லை. மறுநாள் காலை தங்கை மகளுக்குக் கல்யாணம். பெண்ணை எங்கப்பா காலத்து ஜெர்மன் காரில்தான் மண்டபத்துக்கு அழைத்து வருவேன் என்று, தாய்மாமன் மிடுக்கில், நிச்சயதார்த்தப் பந்தியில் நூறு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதைக் கேட்டோ என்னவோ, கார் அன்றைக்கே மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பினால் கரும்புகையாகக் கக்கும், பத்தடி போய்ப் படுத்துக்கொள்ளும்.

எழுபத்தெட்டாம் வருஷத்து வண்டி. கார்புரேட்டர் கிடையாது, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இஞ்செக்‌ஷன் முறை. பழைய மெக்கானிக்குகள் கார்புரேட்டர் எங்கே என்று தேடினார்கள். புது மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரை எங்கே சொருகுவது என்று தேடினார்கள். கடைசியில் டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு, மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற சென்னியப்பனின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

சென்னியப்பன் புகையை ஒரு தடவை மோந்து பார்த்தார். சூட்டை அளக்கிற சென்சார் பொய் சொல்கிறது என்றார். எஞ்சின் கொதித்தாலும் அது குளிருது குளிருது என்கிறதாம். அதை நம்பிப் பெட்ரோல் அளவில்லாமல் கொட்டுகிறதாம். சென்சாரைக் கழற்றி, சம்சாரம் அமராவதியிடம் ஒரு குண்டாவில் வெந்நீர் வாங்கி, அதில் முக்கி, மீட்டரைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தார். தண்ணீர் ஆற ஆற அளவு பார்க்க வேண்டும். தண்ணீர் ஆறுகிற நேரம், சென்னியப்பனுக்குப் பேசுகிற நேரம்.

வெந்நீரெல்லாம் கத்துக்குட்டிகளுக்கு என்று தொடங்கினார். அவர் தன் வண்டியின் சென்சாரை, காய்ச்சலில் கிடந்தபோது கக்கத்தில் வைத்தே அளவு சரி பண்ணினாராம். இவருக்குக் குளிர்நடுக்கம் வந்தால் ஷெட்டில் வண்டியும் நடுங்கியதாம். டாக்டர் வந்து, ஊசியை யாருக்குப் போடுவது என்று குழம்பிப்போனாராம்.

“வண்டிக்கு ஏற்கெனவே இஞ்செக்‌ஷன் இருக்குதுங்க, எனக்கே போடுங்கன்னேன்,” என்றார் சென்னியப்பன்.

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் மனுஷன் கோபித்துக்கொண்டு சென்சாரைக் குண்டாவிலேயே விட்டுவிடுவாரோ என்று பயந்து அடக்கிக்கொண்டார். கேட்க ஆள் கிடைத்த தெம்பில் சென்னியப்பன் அடுத்த கியருக்குப் போனார்.

ஆடி மாதம் பாலக்காட்டுக்குப் போனபோது, காற்றை அளக்கிற சென்சாரை ஒரு மயிரிழை நகர்த்தி வைத்திருந்தாராம். வாளையார்க் கணவாயில் வீசின காற்றை வண்டி அப்படியே குடித்துவிட்டு, பெட்ரோலே வேண்டாம் என்றுவிட்டது. செலவாகாதது மட்டுமில்லை, குழாயில் இருந்த பெட்ரோலும் பின்னோக்கி ஓடி டேங்க் நிரம்பி வழிந்தது. பங்க்கில் நிறுத்தி இருபது லிட்டர் இறக்கிவிட்டுத்தான் மேலே போக முடிந்ததாம்.

தெய்வசிகாமணியால் பொறுக்க முடியவில்லை. “ஏனுங்ணா, கொழாய்ல இருக்கறதே அரை லிட்டர்தானுங்களே. இருபது எங்கிருந்துங்க வந்துச்சு?”

“காத்துல ஈரம் இருக்குமல்ல தம்பி,” என்றார் சென்னியப்பன், கொஞ்சமும் யோசிக்காமல்.

இதற்குள் அமராவதி வந்து, சென்சாரிலிருந்து கழற்றிப்போட்ட ஒயரின் முனையை எடுத்துப் பார்த்தாள். பித்தளை முள்ளெல்லாம் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உள்ளே போய்ப் புளி கொண்டுவந்து, குச்சியில் தொட்டு, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். நல்ல தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்து, வெயிலில் வைத்தாள். தெய்வசிகாமணி பார்த்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பார்க்கவில்லை, அவர் அப்போது ஊட்டி மலை ஏறிக்கொண்டிருந்தார்.

அங்கே அவர் வண்டி மலையில் இருந்த மூடுபனியை மொத்தமாக உறிஞ்சிவிட்டதாம். காற்றில்லாமல் ஒரு ஒற்றை யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு திணறியதாம். பாவம் பார்த்து ஹார்ன் அடித்துக் கொஞ்சம் காற்று விட்டாராம். மிச்சப் பனியோடு வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால், வடவள்ளியில் மூன்று நாள் அடைமழை. சிறுவாணி அணை நிரம்பிவிட்டது. பேப்பர்காரர்கள் விவரம் தெரியாமல் பருவமழை என்று போட்டுவிட்டார்கள்.

வெந்நீர் ஆறியது. சென்சார் எல்லாச் சூட்டுக்கும் ஒழுங்காகவே அளவு காட்டியது. அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. சென்னியப்பன் அதைத் திரும்ப மாட்டி, அமராவதி காயவைத்த ஒயரைச் சொருகி, சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. பத்து நிமிஷம் ஓடியும் புகையில்லை. அதிகம் அசந்துபோனவர் சென்னியப்பன்தான். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, என் கை பட்டால் அப்படித்தான் என்றார்.

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கு மானம் போகாது. முதலில் அமராவதியைக் கும்பிட்டார், பிறகு அவரை. அந்தச் சந்தோஷத்தில் நிஜமாகவே மனசாரக் கூப்பிட்டார்: “அண்ணா, நாளைக்கு அக்காளோட நீங்களும் உங்க வண்டியில வந்துருங்க. பொண்ணு கார் பின்னால அதுவும் வரட்டும்.”

சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார்.

“அது எங்கீங்க வரும்?” என்றாள் அமராவதி. “ஆறு வருசமா கெளம்பாம கொல்லையில நிக்குது. அதுமேலதான் நான் மொளகா காயப் போடறன்.”

சென்னியப்பன் நிமிர்ந்தார்.

“மொளகா எப்படிக் காயுதுன்னு கேளு தம்பி. ஆறு வருசமா எஞ்சின் நிக்காம ஓடிட்டிருக்குது. நான் வெச்ச அளவுக்குச் சத்தமே வராது. அந்தச் சூட்டுலதான் காயுது.”

அமராவதி குண்டாவை எடுத்து ஆறின தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள்.

“அப்ப அதை நிறுத்திப்போட்டு வந்து சாப்பிடுங்க.”