எட்டு நொடி

எங்கள் வானொலியில் பொத்தான்களுக்குப் பொறுப்பு நான். பெயர் சேர்மதுரை. யார் வாய் திறந்தாலும் என் விரல் மனசு வைத்தால்தான் ஊருக்குக் கேட்கும். அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். தாமிரபரணிக் கரையில் சின்ன சமுதாய வானொலி அது. சுற்றிலும் இருபது ஊருக்குக் கேட்கும்.

மாசானமுத்து அண்ணாச்சி எங்களிடம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் விளம்பர ஆட்டோ ஓட்டிக்கொண்டே மைக்கில் பேசியவர். சர்க்கஸ், ஜவுளித் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், எதுவானாலும் அவர்தான். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் அவர் குரல் தெருவிலேயே நிற்கும். அப்படி ஒரு தொண்டை.

மதியம் பன்னிரண்டு மணிக்கு அவருக்கு அரை மணி நேர நிகழ்ச்சி. தினமும் போன் நம்பரை நாலு தடவை சொல்வார். இரண்டு மாதத்தில் ஒரு போன்கூட வரவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் பொன்னுதுரை சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு போனாவது வரணும் அண்ணாச்சி. இல்லேன்னா அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுருவோம். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

அண்ணாச்சி நேரே பஷீராவிடம் போனார். பஷீரா காலை நிகழ்ச்சி நடத்துகிறவள். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் போன் அடிக்கும். அண்ணாச்சியின் மூத்த மகளைவிட இரண்டு வயது சின்னவள். அவருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"வாத்தியாரம்மா, இருபத்திரண்டு வருஷமா ஊரு ஊராப் பேசியிருக்கேன். ஒரு ஆளு திருப்பி ஒரு வார்த்தை பேசினதில்ல. இங்கயாவது பேசுவாகன்னு ஆசையா வந்தேன். ஒரே ஒரு ஆளு போதும். எப்படிப் பேசணும்னு சொல்லிக் குடுங்க."

பஷீரா நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பிட்டியளா அண்ணாச்சி?"

"இன்னும் இல்லம்மா, வீட்ல இன்னிக்கு..."

அவள் எழுந்து போய்விட்டாள்.

சாயங்காலம் படிக்கட்டில் எதிரே வந்தாள். "சின்ன மகளுக்குக் காய்ச்சல்னியளே, எப்படி இருக்கா?"

"இப்பத் தேவலை. ஆனா நேத்து பாத்துக்கோங்க..."

அவள் கீழே இறங்கி ஸ்கூட்டரையே எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலும் அதே கதைதான். அண்ணாச்சி முகம் சுருங்கிப்போய் என்னிடம் வந்தார்.

"ஏ சேர்மா, இந்தப் புள்ள கேக்குது, நிக்க மாட்டேங்குது. எம்மேல கோவமா? மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குடே."

"உங்க தொண்டைக்குப் பயந்து ஓடுதா என்னவோ" என்றேன். பாவம், அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

அன்று மதியம் பஷீராவே வந்தாள். "நாளைக்கு உள்ள நிகழ்ச்சிய இன்னிக்கே பதிவு பண்ணிருங்க அண்ணாச்சி. நாளைக்கு அது கம்ப்யூட்டர்ல தானா ஓடும்போது நாம மூணு பேரும் ஒரு இடத்துக்குப் போறோம். அங்க நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"அரை மணி நேரமா?"

"அரை மணி நேரமும்."

புதன்கிழமை அவருடைய ஆட்டோவிலேயே போனோம். ஒரு தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள் மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆணியில் ஒரு ரேடியோ தொங்கியது. பஷீராவைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். அண்ணாச்சி மூலையில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார். அவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்தால்தானே தெரியும்.

பன்னிரண்டு அடித்தது. ரேடியோ முழங்கியது. "அன்பு நெஞ்சங்களே! அனைவரும் சவுக்கியமா?"

முப்பிடாதி என்கிற அம்மா, ஐம்பது வயசிருக்கும், இலையை உருட்டிக்கொண்டே பதில் சொன்னாள். "சவுக்கியந்தான் அண்ணாச்சி. முட்டுவலி மட்டும்..."

"மிக்க மகிழ்ச்சி! இன்று உங்கள் வீட்டில் என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு. கத்திரிக்கா..."

"ஆகா, அருமை! அடுத்து வருவது..."

பெண்கள் சிரித்தார்கள். முப்பிடாதியும் சிரித்தாள். மூலையில் அண்ணாச்சிக்கு வாய் துடித்தது. பஷீரா விரலை உதட்டில் வைத்தாள்.

ரேடியோ இன்னொன்று கேட்டது. முப்பிடாதி பாதி சொன்னாள், அதற்குள் ரேடியோ தாண்டிப்போனது. அதற்கடுத்த கேள்விக்கு அவள் வாயே திறக்கவில்லை.

பஷீரா கேட்டாள். "ஏன் மதினி, பதில் சொல்லலையா?"

"அவுக நல்ல மனுசந்தான். தினமும் விசாரிக்காக. ஆனா என்ன அவசரமோ, நிக்க மாட்டேங்காக. நான் வாயெடுக்கதுக்குள்ள அடுத்த தெருவுக்குப் போயிருதாக."

"போன் பண்ணிச் சொல்லலாம்லா?"

"நிக்காத ஆளுக்கு என்னத்தப் போன் பண்ண?"

திரும்பி வரும்போது அண்ணாச்சி பேசவே இல்லை. அந்த மனுஷன் பேசாமல் ஆட்டோ ஓட்டி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே அழுகை வரும்போல இருந்தது. இறங்கும்போது பஷீரா கேட்டாள்.

"சின்ன மகளுக்கு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

அவர் பாதி சொல்லி, நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நகரவில்லை. கொதிக்கிற வெயிலில் நின்று முழுசாகக் கேட்டாள். காய்ச்சல், மருந்து, மகள் கஞ்சியைத் துப்பியது வரைக்கும்.

வியாழக்கிழமை அண்ணாச்சி தயங்கித் தயங்கிப் பேசினார். போன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. எட்டு நொடி சத்தமே இல்லை என்றால், ஏதோ கோளாறு என்று நினைத்து அதுவே பாட்டைப் போட்டுவிடும். அப்படி ஒரு மானக்கேடு என் காலத்தில் நடந்ததே இல்லை.

"வணக்கம்மா" என்றார் அண்ணாச்சி. முழங்கவில்லை. "முட்டுவலி எப்படி இருக்கு?"

நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. என் கை தானாகப் பொத்தானுக்குப் போனது. பஷீரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே காத்திருந்தார். ஆறாவது நொடியில் "ம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அரை மணி நேரமும் இப்படியே என் பிராணனை வாங்கினார். போன் மட்டும் அசையவில்லை. கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிஷம்தான். அண்ணாச்சி அதைப் பார்த்தார். நம்பரைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு யாரை நினைச்சுக்கிட்டுச் சமைச்சீங்க?" என்று கேட்டார்.

நிறுத்தினார். ஐந்து. ஆறு. "ம்" வரவில்லை. கண்ணை மூடியிருந்தார். ஏழு. எட்டு.

கம்ப்யூட்டர் பாட்டைப் போட்டுவிட்டது. பொன்னுதுரை சார் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "என்னய்யா நடக்குது இங்க?"

அப்போது போன் அடித்தது.

நான்தான் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் குரல், சரியான கோபம்.

"எந்த மூதேவி பாட்டைப் போட்டது? நான் சொல்லிக்கிட்டுல்லா இருக்கேன்! திருப்பூர்ல இருக்க எம்மவளுக்குக் கத்திரிக்கான்னா உசுரு. பாதிதான் சொல்லியிருக்கேன், அதுக்குள்ள பாட்டு! எங்க அந்த அண்ணாச்சி?"

பொத்தான்களுக்குப் பொறுப்பான மூதேவி நான்தான். போனைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் போனைக் கையால் மூடிக்கொண்டு, என் பின்னாலேயே வந்த பஷீராவைக் கண்கலங்கப் பார்த்தார்.

"வாத்தியாரம்மா, நான் இப்ப என்ன பேசணும்?"

பஷீரா அவர் கையை எடுத்து, போனை அவர் காதில் வைத்தாள்.

"அவுக இன்னும் முடிக்கல அண்ணாச்சி."