பட்டை எவ்வளவு தாங்கும்

“அவளா வர்றாளான்னு பாக்கறேன் சாமி. வரமாட்டேங்கறா. மனசு கெடந்து அடிச்சுக்குது.”

மடத்துத் துறவி அம்மையாரிடம் ஏகாம்பரம் இப்படித்தான் ஆரம்பித்தார். அம்மையார் இவரைவிட வயதில் சின்னவர். பேச்சில் ரொம்பச் சிக்கனம்.

“யாரு?”

“என் சம்சாரம் பச்சையம்மா. சித்திரையில கோவிச்சுக்கிட்டுக் காட்பாடிக்கு, அம்மா வீட்டுக்குப் போயிட்டா.”

“போய்க் கூப்பிட்டீங்களா?”

“கூப்பிட்டா வந்துடுவாளே! கூப்பிடாம வரணும். அப்பத்தானே அவ பாசம் எவ்வளவு தாங்கும்னு தெரியும்?”

வீம்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் தெருவில் குதிரை வண்டி நின்றால் போதும், மனிதர் வாசலுக்கு ஓடிவிடுவார். உலையில் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, மிச்சச் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அவள் இல்லாத வீடு அவருக்கு வீடாகவே இல்லை.

“அவங்க ஒண்ணும் சொல்லி அனுப்பலையா?”

“அவ தம்பி வருவான். ‘நீங்க சாப்பிடறீங்களான்னு அக்கா கேட்டுச்சு’ம்பான். ஆடிக்கப்புறம் அவனையும் காணோம்.”

அம்மையார் எழுந்தார்.

“நீங்க வேலை செய்யற எடத்தைக் காட்டுங்க.”

மதராஸில் மோட்டார் கார்கள் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம். குண்டும் குழியுமான சாலையைத் தாங்க, காருக்கு அடியில் வில்லாய் வளைந்த எஃகுப் பட்டை பூட்டுவார்கள். அதைச் சோதிப்பதுதான் ஏகாம்பரத்தின் வேலை. இயந்திரம் பட்டையை அமுக்கும், விடும், மறுபடியும் அமுக்கும்.

“எது வரைக்கும்?” என்று பட்டறையில் நின்று பார்த்த அம்மையார் கேட்டார்.

“உடையற வரைக்கும் சாமி. அதோ, அந்த மூலையில கெடக்குது பாருங்க. அதுதான் ரொம்ப நாள் தாங்கினது. அப்படி ஒரு பட்டையை நான் பார்த்ததே இல்லை.”

“அதை எந்தக் காருக்குப் பூட்டுவீங்க?”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உடைஞ்சதை எப்படிப் பூட்டறது? பழைய இரும்புக்குத்தான் போகும்.”

“அவ்வளவு நல்ல பட்டையா?”

“அது நல்லதுன்னு உடைஞ்சப்புறம்தானே தெரிஞ்சுது...”

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

இயந்திரம் அமுக்கியது. விட்டது. அமுக்கியது. பட்டை கிறீச்சிட்டது.

ஏகாம்பரம் பாய்ந்து போய் இயந்திரத்தை நிறுத்தினார். ஆணியில் தொங்கிய சட்டையை உருவினார்.

மேஸ்திரி கத்தினார்: “யோவ், ஏன்யா நிறுத்தினே? இன்னும் உடையலையே!”

“உடையலைதானே சாமி?” என்று அம்மையாரைக் கேட்டார் ஏகாம்பரம்.

பதிலுக்குக் காத்திராமல் ரயிலடியைப் பார்த்து ஓடினார்.