திரைக்குள் ஒரு மலை ரயில்

ஹெப்சிபா டீச்சரிடம் ரயில் ஓட்டப் படிக்க வந்தவர்களில் வயதில் மூத்தவர் ஆவுடையப்பன். அவருக்கு ஐம்பத்திமூன்று. டீச்சருக்கு முப்பத்தாறு.

நிஜ ரயில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஓடும் ரயில். ஆனால் அந்த வீட்டில் யாரும் அதை விளையாட்டு என்று சொல்வதில்லை. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற டீச்சர், முன்னறையில் மேசை போட்டு, மரத்தில் தானே கைப்பிடிகள் செய்து, அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தார். திரையில் நிற்பது ஒரு சின்ன டேங்க் இன்ஜின். பின்னால் தனியாகக் கரிவண்டி கிடையாது. தனக்கு வேண்டிய கரியையும் தண்ணீரையும் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டு மலையேறும். கரி போட மறந்தால் தீ அணையும். தண்ணீரைக் கவனிக்காவிட்டால் பாய்லர் காய்ந்துபோகும். நிஜ இன்ஜினில் என்னென்ன நடக்குமோ அத்தனையும் அதில் நடக்கும். ஞாயிறு மதியம் இரண்டு மூன்று பேர் வந்து கற்றுக்கொண்டு போவார்கள்.

ஆவுடையப்பன் இருபத்துநான்கு வருஷம் பஸ் ஓட்டியவர். ஆரியங்காவு மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்குக் கையில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டயர் கழற்றும்போது தெறித்த இரும்புச் சில்லு இடது கண்ணில் பாய்ந்தது. பார்வை போயிற்று. முதலாளி நல்ல மனுஷர். வீட்டுக்கு அனுப்பாமல், பஸ் ஷெட்டிலேயே நாற்காலி போட்டு, எந்த வண்டி எப்போது கிளம்புகிறது என்று குறிக்கச் சொன்னார்.

அவரும் குறித்தார். வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் பஸ் சத்தம் கேட்டால், அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவி கோமு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள்தான் டீச்சரைப் பற்றி விசாரித்து வந்து அவரை அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் உட்கார்ந்ததும் கைப்பிடியை முழுக்கத் திறந்துவிட்டார். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே கடகடவென்று சுற்றின. வண்டி நகரவில்லை.

"என்ன டீச்சர், இழுக்க மாட்டேங்கு?"

"நீங்க பிடிச்சுத் தள்ளுதீங்க அண்ணாச்சி. அது கிளம்பட்டும்."

"ஆக்சிலேட்டரை மிதிச்சா வண்டி போகணும்லா?"

"இங்க அப்படி இல்ல. இப்ப போடுத கரி பத்து நிமிஷம் கழிச்சுதான் வேலை செய்யும். அடுத்த ஏத்தத்துக்கு இந்த ஸ்டேஷன்லயே போட்டு வைக்கணும்."

அவருக்கு அது பிடிபட மூன்று மாதம் ஆனது. பிறகு மெல்ல மெல்லக் கை பழகியது. புகைபோக்கியின் சத்தத்தை வைத்தே ஏற்றத்தின் கனத்தைச் சொன்னார். மலையில் ஏறி, உச்சி ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்து, இன்ஜினைத் திருப்பாமலே பின்பக்கமாக இறங்கி வந்தார். டீச்சர் பாராட்டவில்லை. ஆவுடையப்பன் ஓட்டும்போது பள்ளிக்கூட நோட்டுத் திருத்த ஆரம்பித்தார். அதுவே போதும் என்று ஆவுடையப்பனுக்கு இருந்தது.

ஆனால் அவர் நினைத்தது வேறு, நடந்தது வேறு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் மனசு ஆறிவிடும் என்று நினைத்தார். ஆறவில்லை. திங்கட்கிழமை ஷெட்டுக்குள் நுழையும்போது டீசல் வாசனை முன்னைவிட அதிகமாக அடித்தது.

ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அவருடைய பழைய வண்டி கழுவுவதற்காக நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். சாவி வண்டியிலேயே தொங்கியது.

ஆவுடையப்பன் ஏறி உட்கார்ந்தார். உட்காரத்தான் நினைத்தார்.

சீட் அவருடைய முதுகின் பள்ளத்தை இன்னும் வைத்திருந்தது. கை சாவியைத் திருப்பியது. பத்தடிதான். ஷெட்டுக்குள்ளேயே பத்தடி முன்னால் எடுத்து நிறுத்திவிடலாம் என்று எடுத்தார்.

இடது பக்கம் ஏதோ நசுங்கிய சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். பிரேக்கில் ஏறி நின்றார்.

இறங்கிப் பார்த்தபோது சக்கரத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி தட்டையாகக் கிடந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கிளீனர் இசக்கிப்பாண்டி சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். கையில் நனைந்த துணி.

அவன் திட்டவில்லை. "அண்ணாச்சி, நான் இங்கனதான நின்னேன்? தெரியலையா?" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவுடையப்பன் டீச்சர் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"நான் இனிமே வரல டீச்சர். சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

நடந்ததைச் சொன்னார்.

"இங்க வந்து ஓட்டுனா அடங்கும்னு நெனச்சேன். கூடித்தான் போச்சு. ஒரு ஆளைக் கொல்லப் பாத்தேன். இந்த ஏக்கத்தை அணைக்க என்ன வழி? சொல்லுங்க, செய்யுதேன். இல்லன்னா நான் இந்தப் பக்கமே வரல."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இன்னைக்கு ஓட்ட வேண்டாம். நிப்பாட்டி வையுங்க."

"என்னது?"

"வழி ஸ்டேஷன்ல நிக்கீங்க. எதிர்ல வர்ற வண்டி இன்னும் வரல. ஒத்தை லைன். அது வர்ற வரைக்கும் நிக்கணும். அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் மனசில்லாமல் உட்கார்ந்தார். மலையேறுவதற்காக மூட்டிய தீ அடுப்பில் கனன்றுகொண்டிருந்தது. வண்டி நின்றது. நீராவி அழுத்தம் காட்டும் முள் ஏறியது. கொஞ்ச நேரத்தில் சேஃப்டி வால்வ் திறந்து, நீராவி பெரிய இரைச்சலோடு வெளியே பீச்சியது. அறையே அதிர்ந்தது.

"கரியைக் குறைச்சேன். அப்பவும் கத்துதே."

டீச்சர் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"தீயைக் கொட்டிரட்டுமா?"

"கொட்டலாம். எதிர் வண்டி வந்து, சிக்னல் கைகாட்டி இறங்குனா எதை வச்சு ஏறுவீங்க?"

"அப்ப இப்படியே கத்திக்கிட்டு நிக்கட்டுமா? தண்ணி பூரா வீணாப் போகுதே!"

டீச்சர் எழுந்து வந்தார். ஆவுடையப்பனின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, ஓரத்தில் இருந்த சின்னக் கைப்பிடியைத் திறந்தார். இன்ஜினின் பக்கவாட்டுத் தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாய்லருக்குள் போக ஆரம்பித்தது. முள் மெல்ல இறங்கியது. வால்வ் மூடிக்கொண்டது. இரைச்சல் நின்றது.

திடீரென்று வந்த அமைதியில், உள்ளறையில் யாரோ இருமுவது கேட்டது.

"தீ குறைஞ்சிருக்கா, பாருங்க."

பார்த்தார். "இல்ல. அப்படியேதான் இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

ஆவுடையப்பன் எதிர் வண்டி வரும்வரை நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தண்ணீரைக் கொஞ்சம் விட்டார், நிறுத்தினார், மறுபடி விட்டார். கைகாட்டி இறங்கியபோது அவர் கிளம்பவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு வந்தார்.

அன்றைக்குப் பாதி மலையில் ஆவுடையப்பன் கேட்டார்.

"இந்தப் பாதை எந்த ஊர்ல இருக்கு டீச்சர்?"

"எங்கயும் இல்ல. படங்களைப் பாத்து நானே போட்டது. நாலு வருஷம் ஆச்சு."

"இந்த இன்ஜினு?"

"அதுவும் படத்துல பாத்ததுதான்."

ஆவுடையப்பன் வண்டியை நிறுத்திவிட்டார். "நீங்க நிஜ நீராவி இன்ஜினைப் பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"மேட்டுப்பாளையத்துல இன்னும் ஓடுதே? தினம் காலைல மலையேறுதுன்னு சொல்லுதாங்களே?"

டீச்சர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். கட்டிலில் அவருடைய அம்மா எஸ்தரம்மா படுத்திருந்தார். பக்கவாதம் வந்து ஒன்பது வருஷம். பேச்சு குழறும். வலது கை, கால் வராது. பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் டீச்சர்தான். ஒன்பது வருஷமாக அவர் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை.

ஆவுடையப்பன் அன்று வீட்டுக்குப் போய் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கோமு கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? உங்க அம்மை படுத்த படுக்கையா அஞ்சு வருஷம் கெடந்தாங்களே, பாத்தது யாரு? நான்தான? டீச்சர் போய்ப் பாத்துட்டு வர்ற ரெண்டு நாள் எனக்கு ஒரு கணக்கா?" என்றாள்.

மறுவாரம் இரண்டு பேருமாகப் போனார்கள். கோமு நேரே உள்ளறைக்குப் போய் எஸ்தரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அதெல்லாம் சரிப்படாது அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அம்மாவுக்கு ராத்திரி நாலு தடவை புரட்டிப் போடணும். மருந்து இருக்கு. நான் இல்லன்னா சாப்பிட மாட்டாங்க."

"எழுதிக் குடுங்க டீச்சர். நேரம் தவறாம செய்யுறதுதான் இப்ப என் வேலையே."

"வேண்டாம். பாத்து என்ன ஆகப்போகுது? எனக்கு இங்கனயே எல்லாம் இருக்கு."

சொல்லிவிட்டு டீச்சர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். எஸ்தரம்மா வாயைக் கோணி, இடது கையை உயர்த்தி, வாசலைக் காட்டினார்.

"போ... ட்டி" என்றார் மகளிடம்.

டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டுப்பாளையத்துக்கு ரயிலேறினார். சுவரில் இரண்டு பக்கத்துக்குக் குறிப்பு ஒட்டியிருந்தது. கோமு சமையலையும் குளியலையும் பார்த்துக்கொண்டாள். மருந்துக்கும் புரட்டிப் போடவும் ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை காலை எஸ்தரம்மா இட்லியைத் துப்பினார். மதியம் இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணி ஆனது. எஸ்தரம்மா தூங்கவில்லை. முனகிக்கொண்டு முன்னறைப் பக்கமே பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். இல்லை. புரட்ட வேண்டுமா? இல்லை. கோமுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

இது ரயில் சத்தம் கேட்கிற நேரம் என்று ஆவுடையப்பனுக்குச் சட்டென்று தோன்றியது. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார். தீ மூட்டினார். முள் ஏறியதும் விசிலை இழுத்தார்.

முனகல் நின்றது.

அவர் மெதுவாகக் கைப்பிடியைத் திறந்தார். வண்டி கிளம்பியது. கதவு வழியாக உள்ளே கேட்கும்படி, பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்த ஆளிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

"பாலம் வருது அம்மா, சத்தம் மாறும் பாருங்க... இப்ப இடது வளைவு. இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது, ஆனா பள்ளம்தான். நல்ல பள்ளம்... இந்தா, ஏத்தம் ஆரம்பிச்சுட்டு. மூச்சு வாங்குது கேக்கா?"

உள்ளேயிருந்து "ம்" என்று வந்தது.

வளைவுக்கு வளைவு "ம்" வந்தது. உச்சி ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் இருக்கும்போது நின்றுவிட்டது. கோமு எட்டிப்பார்த்து, தூங்கிவிட்டார் என்று கையால் காட்டினாள்.

ஆவுடையப்பன் விசில் போடாமல், ஒரு குலுக்கல் இல்லாமல், வண்டியை உச்சி ஸ்டேஷனில் கொண்டுபோய் நிறுத்தினார். கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் அப்படியே இருந்தார். தெருவில் ஒரு பஸ் போனது. அது போய் முடிந்த பிறகுதான், தன் கால் அசையவில்லை என்பதைக் கவனித்தார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் அம்மாவிடம் போனார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுவரிலிருந்த குறிப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே போட்டிருந்த குறிகளைப் பார்த்தார். பிறகு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் பயணக் களைப்பு. தலைமுடியில் கரியோ எண்ணெய்ப் புகையோ, ஏதோ ஒரு வாசனை.

கோமு காபி கொண்டுவந்து வைத்தாள்.

"பாத்தீங்களா டீச்சர்?"

"பாத்தேன் அண்ணாச்சி."

"எப்படி இருந்துச்சு?"

"பிளாட்பாரத்துல நின்னு தொட்டுப் பாத்தேன். இன்ஜினோட பக்கவாட்டுத் தொட்டி ஜில்லுன்னு இருந்துச்சு. உள்ள தீ எரியுது, ரெண்டடி தள்ளி ஜில்லுன்னு இருக்கு. நாலு வருஷம் உக்காந்து செஞ்சேன், அது எனக்குத் தெரியாது."

டீச்சர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, ஆவுடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

"மனசு ஆறிட்டா டீச்சர்?"

டீச்சர் நிமிர்ந்தார். அவர் சிரித்து ஆவுடையப்பன் அதுவரை பார்த்ததில்லை. கண்ணில் நீர் நிற்க, அப்போது சிரித்தார்.

"போகும்போது பாத்தாப் போதும்னு இருந்துச்சு அண்ணாச்சி. இப்ப ஓட்டணும்போல இருக்கு."